மணல்வாரியும் மருந்துப் பெட்டியும்

பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களில் தடுப்பூசி போடுவதை, ஊசி போடும் காரியம் என்பதைவிடப் பனிக்கட்டியைக் காப்பாற்றும் காரியம் என்றே சொல்ல வேண்டும். தட்டம்மைக்கான மருந்து குப்பியின் அடியில் வெண்மையான ஒரு பொடிக்கட்டியாக உறைந்து கிடக்கும். அதனோடு வரும் கரைநீரும் அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையே இருக்கும் வரையில்தான் அதற்கு வீரியம். கரைத்த பிறகோ நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடித்து, எஞ்சியதைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட வேண்டும். சித்திரை வெயிலில், சராசரியாக ஓர் ஆள் இடுப்பளவு ஆழங்கூட இல்லாத அந்த ஏரியில், படகுக்காரர் கோல் ஊன்றித் தள்ளத் தள்ள, சேற்றில் தட்டித் தட்டி நகரும் படகில், பனிக்கட்டிப் பொதிகள் வைத்த நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகிற கிராம சுகாதார செவிலியரின் முகத்தில் இருக்கும் கவலை, பக்கத்தில் இறால் கூடையை வைத்துக்கொண்டு வரும் வியாபாரியின் கவலைக்குச் சிறிதும் குறைந்ததன்று. கரைநீரை ஊசிக்குழலில் இழுத்துக் குப்பிக்குள் செலுத்தி, அதை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டி, கட்டி முழுவதும் கரைந்து தெளிந்ததைப் பார்த்த பின், சீட்டின்மேல் கரைத்த நேரத்தை எழுதுவார்கள். அந்த நேரத்தை எழுதாத குப்பியை நான் தொடமாட்டேன் என்பது எங்கள் சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்த பிடிவாதம்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் இந்தக் கரைக்கு வைத்திய உத்தியோகமாக வந்தவன் நான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஜமீலாபாத், கூனங்குப்பம், அக்கரையில் லைட்ஹவுஸ்குப்பம் என்று, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களுமாகக் கலந்து வாழும் ஊர்கள்; ஏரியில் எந்த இடத்தில் எவர் என்றைக்கு வலை கட்டுவது என்பதைப் பாடு முறையால் தங்களுக்குள் தீர்மானித்துக்கொண்டு, வெளியார் எவரும் வந்து நியாயம் சொல்லத் தேவையில்லாமல் காலங்காலமாக நடத்திவந்த ஜனங்கள். அப்படிப்பட்ட ஊரில், பஞ்சாயத்தாரின் சம்மதம் இல்லாமல் ஒரு குழந்தைக்குக்கூட ஊசி போட முடியாது என்பதையும், அவர்கள் சம்மதித்து ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஒரு குழந்தையும் விட்டுப்போகாது என்பதையும் நான் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். கோயிலிலும் மாதா கோயிலிலும் பள்ளிவாசலிலும் அறிவிக்கச் செய்வதற்கு நாங்கள் செலவிட்ட காலம், ஊசி போட்ட காலத்தைவிட அதிகம்.

தட்டம்மையை அங்கே மணல்வாரி என்பார்கள். உடம்பெங்கும் மணலை வாரி இறைத்ததுபோலச் சிவந்த தடிப்பு எழும்பினால், கங்கையம்மன் வந்துவிட்டாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதை நிறுத்தி, அயலாரை உள்ளே விடாமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரையில் குழந்தையை நிழலில் கிடத்தி வைப்பார்கள். இதைக் கண்டு பரிகசிக்கும் இளம் வைத்தியர்களைப் பார்த்திருக்கிறேன்; எனக்கு அந்தப் பரிகாசத்தில் உடன்பாடில்லை. அயலாரை விலக்கிவைப்பது மிகவும் புத்தியுள்ள ஏற்பாடு. அதில் உள்ள குறை ஒன்றே: தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே அந்தக் கிருமி மூச்சுக்காற்றில் பரவத் தொடங்கிவிடுகிறது, வேப்பிலை செருகும்போது அது அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத ஜனங்களிடையே, ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றவல்ல வியாதி அது.

அந்த அம்மை தணிந்து, சளிக்காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் தப்பி, குழந்தை எழுந்து விளையாடத் தொடங்கிவிட்டால், தாயாரும் மறந்துவிடுவாள், வைத்தியனும் மறந்துவிடுவான். கிருமி மட்டும் மறக்காமல் இருந்துவிடுகிற சில சந்தர்ப்பங்கள் உண்டு என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தபோதிலும், அதை நேரில் கண்டது, மேற்படிப்புக்காகச் சென்னையின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் நரம்பு வியாதிப் பிரிவில் நான் வேலை பார்த்தபோதுதான்.

ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த சிறுவன், ஒன்பது வயதிருக்கும். "முதல்ல படிப்பு போச்சு சார். சோம்பேறி ஆயிட்டான்னு எல்லாருந் திட்டுனோம். அப்பறம் கையில குடுக்குற டம்ளர் தானா கீழ விழுது. நடக்கச்சொல்ல திடீர்னு தூக்கிப் போடுது" என்றாள் தாயார். நான் அவனை எதிரே நிற்கவைத்து இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னேன். சில விநாடிகள் அசையாமல் நின்றான். பிறகு தோளிலிருந்து விரல் நுனி வரையில் ஒரு வெட்டு. தலை இலேசாகக் குனிந்து நிமிர்ந்தது. மறுபடியும் சில விநாடிகள் அமைதி. மறுபடியும் அதே வெட்டு. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. காகிதத்தில், ஒழுங்கான இடைவெளிகளில், ஒன்றைப்போலவே ஒன்றாக, உயர்ந்த அலைக்கூட்டங்கள் வந்துகொண்டேயிருந்தன. அந்தக் காகிதத்தை ஒருமுறை பார்த்தவனுக்கு அந்த வியாதியின் பெயரை யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதுகுத்தண்டு நீரில் தட்டம்மைக்கு எதிரான ஆன்டிபாடி மிதமிஞ்சி இருந்தது. குழந்தைக்கு எப்போதாவது அம்மை போட்டதா என்று கேட்டேன். "ஆமா சார், கைக்குழந்தையா இருக்கச்சொல்ல மணல்வாரி போட்டுச்சு, ஒன்பதாம் மாசம் ஊசி போடறதுக்கு முன்னாலயே" என்றாள்.

எஸ்.எஸ்.பி.இ. என்று சுருக்கமாக வழங்கும் அந்த மூளை அழற்சியை 1933ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் டாசன் என்பவர் முதன்முதலில் விவரித்தார். அதற்குக் காரணம் தட்டம்மைக் கிருமியே என்பது 1969ல் நோயாளிகளின் மூளையிலிருந்து அக்கிருமியைப் பிரித்தெடுத்தபோது உறுதியாயிற்று. அம்மை கண்டு பெரும்பாலும் ஆறு முதல் பத்து ஆண்டுகளுக்குப் பின் தலைகாட்டும், முதலில் படிப்பும் சுபாவமும் கெடும், பிறகு வெட்டிழுப்பு, பிறகு பேச்சும் பார்வையும் போய், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் மரணம். கலிஃபோர்னியாவில் எடுத்த ஒரு கணக்கு, ஐந்து வயதுக்குள் தட்டம்மை கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 1,367க்கு ஒன்றென்றும், ஒரு வயது நிறைவதற்குள் கண்டவர்களில் 609க்கு ஒன்றென்றும் இந்த வியாதி வந்ததாகச் சொல்கிறது. பாலகர்களுக்கே இது பெரிய சத்துரு என்பது இந்த எண்களால் விளங்கும்.

கிருமி எப்படி இத்தனை ஆண்டுக் காலம் ஒளிந்திருக்கிறது? அந்தச் சிறுவனின் தகப்பனார் என்னைக் கேட்ட கேள்வியும் இதுதான். அன்று அவருக்கு நான் சொன்ன விடை சுருக்கமானது; பின்னால் நிதானமாகப் படித்து அறிந்ததை இங்கே சொல்கிறேன்.

1987ல் அமெரிக்காவில், தவளை முட்டைகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த பிரெண்டா பாஸும் ஹெரால்டு வைன்ட்ரௌபும், இரட்டை இழையாக இருக்கும் ஆர்.என்.ஏ.வின் முறுக்கைக் குலைக்கிற ஏதோ ஒரு சக்தி செல்லுக்குள் இருப்பதைக் கண்டார்கள். அதே சமயத்தில் வேறிரு ஆராய்ச்சியாளர்களும் அதைக் கண்டனர். மறு ஆண்டில் அதன் தொழில் புலப்பட்டது. ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துக்களில் ஒன்றாகிய அடினோசினிலிருந்து ஓர் அமினோ தொகுதியைக் கழற்றி அதை இனோசினாக மாற்றிவிடும் என்சைம் அது. செல்லில் புரதம் கட்டும் ரைபோசோம் அந்த இனோசினைக் குவானோசினாகவே வாசித்துவிடும். இதற்கே பின்னர் அடார் என்று பெயர் வைத்தார்கள். அந்த 1988லேயே, ஸூரிக் நகரில் ராபர்ட்டோ கட்டனேயோவும் மார்ட்டின் பில்லெட்டரும் அவர்களைச் சேர்ந்தவர்களும், தட்டம்மைக் கிருமியால் மூளை அழற்சி கண்டு இறந்தவர்களின் மூளையிலிருந்து எடுத்த கிருமியின் எழுத்துக்களை வாசித்தபோது, ஒரு நோயாளியிடம் எம் என்னும் ஜீனில் மட்டும் யுரிடின்களில் ஏறக்குறைய பாதி, ஒரே திசையில் சைட்டிடின்களாக மாறியிருப்பதைக் கண்டு திகைத்தார்கள். தற்செயலான பிழைகள் அப்படி ஒரே வகையாக விழமாட்டா; ஆனால் எதிர் இழையில் அடினோசின் இனோசினாக மாறினால், இந்த இழையில் யுரிடின் இருந்த இடத்தில் சைட்டிடின் வந்து சேரும். 1989ல் பாஸும் வைன்ட்ரௌபும் கட்டனேயோவும் பில்லெட்டரும் கூடி எழுதிய கட்டுரை, அந்தக் கைவரிசை தவளை முட்டையில் கண்ட அதே என்சைமினுடையது என்று அபிப்பிராயம் கூறிற்று. கிருமிகளை ஆராய்கிறவர்களும் தவளையை ஆராய்கிறவர்களும் ஒருவர் மேசையை ஒருவர் எட்டிப் பார்த்ததால் விளைந்த அந்தக் கட்டுரையை, என் தொழிலில் நான் படித்த மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

எம் என்னும் ஜீன் தருகிற புரதமே புதிய கிருமிகளைக் கோத்து செல்லைவிட்டு வெளியேற்றுவது. அது சிதைந்துபோனால் கிருமி முழுவடிவில் வெளியே வர இயலாது. வெளியே வராததை ரத்தத்தில் உலாவும் ஆன்டிபாடி எப்படிப் பிடிக்கும்? ஆகவே அது நரம்பணுவிலிருந்து நரம்பணுவுக்கு உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து பரவுகிறது. முதுகுத்தண்டு நீரில் ஆன்டிபாடி நிரம்பி வழிந்தும் பயனற்றுப்போவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். அடார் அந்தக் கிருமியை அடக்க முயல்கிறதா, அல்லது செல்லின் அபாய உணர்ச்சியை மழுங்கச் செய்து கிருமிக்கே துணைபோகிறதா என்பதில், இரு தரப்புக்கும் ஆதாரமான சோதனைகள் இருக்கின்றன. என் அபிப்பிராயத்தில், என்சைமுக்குப் பகைமையும் கிடையாது, தயவும் கிடையாது. இரட்டை இழையைக் கண்டால் அது தன் தொழிலைச் செய்துவிடுகிறது.

அதன் நித்தியத் தொழிலோ வேறு. நம்முடைய மரபுப் பொருளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, ஆலு என்று பெயர் வைத்திருக்கும் ஒரே மாதிரியான துண்டுகள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாகச் சிதறிக் கிடப்பது. எதிரெதிர் திசையில் அமைந்த இரண்டு ஆலுக்கள் ஒரே ஆர்.என்.ஏ.வில் வந்துவிட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டி இரட்டை இழையாகிவிடும். கிருமிகள் உள்ளே பெருகும்போதும் தோன்றுவது அதே இரட்டை இழைதான். செல்லுக்குள் காவலிருக்கும் எம்.டி.ஏ.5 என்னும் புரதத்துக்கு இரண்டையும் எளிதில் பிரித்தறியத் தெரியாது. கடலில் நிற்கும் ரோந்துக் கப்பல் நம்மூர்ப் படகை அந்நியப் படகென்று எண்ணிவிடாதிருக்க முகப்பில் பதிவெண் எழுதி வைக்கிறார்களே, அதுபோல, நம் சொந்த இரட்டை இழைகளில் ஆங்காங்கே இனோசினை எழுதி வைத்து, இது வீட்டுப் பொருள் என்று காவலுக்கு அறிவிக்கிறது அடார். அந்த என்சைமின் திருத்தும் ஆற்றலைப் பறித்த எலிக்குஞ்சு தாயின் கருவிலேயே இறந்துவிடுகிறது, அதோடு எம்.டி.ஏ.5ஐயும் சேர்த்து நீக்கிவிட்டால் பிழைத்துக்கொள்கிறது என்று 2015ல் ஆஸ்திரேலியாவில் காட்டினார்கள். மனிதரில் அடாருக்கான ஜீன் பழுதுபட்டால், வெளிக்கிருமி ஒன்றும் இல்லாமலே, கிருமி தாக்கியதுபோல மூளை வெந்துபோகும் ஐகார்டி-கூட்டியேர் என்னும் சிசு வியாதி வரலாம் என்பது 2012ல் தெரியவந்தது. இதே ஜீனின் வேறு வகைப் பழுதினால், கைகால்களின் புறத்தில் கருமையும் வெண்மையுமான புள்ளிகள் தோன்றுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிற பரம்பரைச் சரும வியாதியும் உண்டு. அதன் மூலத்தை 2003ல் ஜப்பானியர் கண்டார்கள்.

இவ்விடத்தில் ஒரு விஷயம். கட்டுரைக்கு அவசியமில்லை, ஆனாலும் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. பழவேற்காட்டு மீன் ஏலத்தில் கூடை கூடையாக வந்து இறங்குகிற கணவாய் இருக்கிறதே, அந்த இனத்தின் நரம்பு மண்டலத்தில் இதே அடார் செய்கிற திருத்தம் நம்மோடு ஒப்பிட முடியாத அளவு அதிகம். அமெரிக்கக் கரையில் வாழும் கணவாய் ஒன்றில் புரதத்தின் அமைப்பையே மாற்றக்கூடிய திருத்த இடங்கள் 57,000க்கும் மேல் என்று 2015ல் எண்ணினார்கள். ஆக்டோபஸ் ஒன்று தண்ணீரின் குளிர்ச்சிக்கேற்ப இத்திருத்தங்களைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதை 2023ல் கண்டார்கள். இதை நான் ஏலக்கரையில் ஒரு முதியவரிடம் சொன்னபோது, "அதனாலதான் சார் அது வலையைப் பாத்து நெறம் மாறுது" என்றார். காரணம் அதுவல்ல, ஆயினும் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

மறுபடியும் அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். சிகிச்சை என்று எங்களிடம் இருந்தவை இரண்டு. ஐசோபிரினோசின் என்னும் மாத்திரை ஒன்று. அதன் உட்பொருளில் ஒன்று இனோசினே. மற்றொன்று, முதுகுத்தண்டு வழியே செலுத்தும் இன்டர்ஃபெரான். அதுவோ செல்லில் அடாரின் ஒரு வகையையே பெருகச் செய்கிற பொருள். இரண்டும் சிலரிடம் நோயின் வேகத்தைத் தணித்ததுண்டு; வேரறுத்ததில்லை. குடும்பம் படகையும் வலையையும் விற்று மருந்து வாங்கியது. அடுத்த மழைக்காலத்துக்குள் பையன் படுக்கையோடு படுக்கையாகிவிட்டான். அதற்கப்பால் நடந்ததை எழுதி ஒருவருக்கும் பயனில்லை.

ஆஸ்பத்திரியைவிட்டு மறுபடி ஏரிக்கரைக்கே வேலை கேட்டு வந்ததற்கு அது ஒரு காரணம். தடுப்பூசி ஏன் பலிக்கிறது என்று படித்தபோது, அங்கும் இந்த என்சைம் குடும்பத்தின் கிளையொன்றையே கண்டேன். மேல்கையில் தோலடியில் போடுகிற அந்தச் சிறு மருந்திலுள்ள, வீரியம் தணித்த உயிர்க்கிருமி, அக்குளின் நிணநீர்க் கணுக்களைச் சென்றடையும். அங்கே பி-அணுக்கள் தங்கள் ஆன்டிபாடி ஜீன்களைத் தாமே வெட்டித் திருத்தி, பொருந்தாதவற்றைக் கழித்துப் பொருந்துவனவற்றைப் பெருக்குகின்றன. அந்தத் திருத்தத்தைத் தொடங்கிவைப்பது, ஏ.ஐ.டி. என்னும் என்சைம், இதைக் கண்டவர் கியோட்டோவின் தசுக்கு ஹோன்ஜோ, 1999ல். முதலில் ஆர்.என்.ஏ.வைத் திருத்துவது என்று எண்ணப்பட்டு, பின்பு டி.என்.ஏ.விலேயே சைட்டிடினின் அமினோ தொகுதியைக் கழற்றுவது என்று தெளிந்தது. ஆக, ஓர் அமினோ தொகுதியைக் கழற்றுகிற அதே இரசாயனக் காரியம், ஊசி போட்ட குழந்தையின் அக்குளில் ஆன்டிபாடியைக் கூர்மையாக்குகிறது. ஊசிக்கு முந்திக்கொண்டு அம்மை கண்ட குழந்தையின் மூளையில் கிருமியை உருமாற்றி ஒளித்து வைக்கிறது. எது முந்துகிறது என்பதுதான் வித்தியாசம். முந்தச் செய்வது செவிலியரின் மடியிலிருக்கும் அந்த நீலப் பெட்டி. இதைப் புரிந்துகொண்ட பிறகு, பனிக்கட்டி உருகுகிறதே என்று படகில் அவர் பதைப்பதை நான் ஒருநாளும் அதிகப்படியாக நினைத்ததில்லை.

சுனாமிக்குப் பிறகு முகாம்களில், வீடிழந்து நெருக்கமாகப் படுத்திருந்த குழந்தைகளுக்கு, சோற்றுப் பொட்டலத்தோடு தட்டம்மை ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் கொடுத்தோம். அப்போது எதிர்ப்பே இல்லை. எதிர்ப்பு வந்தது 2017 பிப்ரவரியில். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையில் எல்லோருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி என்று தமிழ்நாட்டிலும் வேறு சில இடங்களிலும் அரசாங்கம் இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய புரளிகளைக் கேட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். படித்தவர்களே அதிகம் பயந்தார்கள் என்பது என் நேர் அனுபவம். குப்பம் ஒன்றில் பஞ்சாயத்துப் பெரியவர் ஒருவர், தம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் முன்பாக முதல் ஊசியைப் போடச் சொன்னார். அன்று பிற்பகலுக்குள் கொண்டுபோன குப்பிகள் தீர்ந்துபோயின. விஞ்ஞானத்தை நான் விளக்கியிருந்தால் அது நடந்திராது.

இப்போது பாலம் வந்துவிட்டது. பல ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளிலேயே பெட்டி போகிறது. 1985 முதல் ஒன்பதாம் மாத ஊசி நம் நாட்டில் அட்டவணையில் இருக்கிறது. 2010 தொடங்கி இரண்டாம் தவணையும் சேர்ந்தது. முதல் தவணைக்கு வருகிற தாய்மார்களில் சிலர் இரண்டாவதற்கு வருவதில்லை. பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டது, வலை வேலைக்கும் கருவாட்டுக்கும் போக வேண்டும், ஒரு ஊசி போட்டாயிற்றே என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒன்பது மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு இந்த ஊசியை வழக்கமாகப் போடுவதில்லை. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி மருந்தைப் பலிக்கவிடாமல் தடுப்பதோடு, நாளடைவில் குறைந்துபோய்க் குழந்தையைக் காக்கவும் இயலாமற்போகும். அந்த மாதங்களில் அதைக் காப்பவை அதைச் சுற்றி விளையாடும் அண்ணன் அக்காமார்களின் கைகளில் ஏறிய ஊசிகளே. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அம்மை அந்த வீட்டு வாசலை மிதிக்காது. ஆகவே தாய்மார்களே, உங்கள் பெரிய பிள்ளையை 16 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடையே ஒருநாள், சின்னதின் பொருட்டாவது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள். அந்த ஊசிக்கு அங்கே காசு வாங்குவதில்லை.